இரண்டு இடது இறக்கைகள்

என் வீட்டுக்காரருக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, தினமும் முக்கால் மணி நேரம் நடக்கட்டும் என்றார் டாக்டர். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். நடக்கத்தான் சொன்னார். மூன்றாம் நாள் சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல், "வால் இல்லாத ஏரோப்ளேன் ஒண்ணு செய்யலாம்னு இருக்கேன்" என்றார்.

"நடக்கறதுக்கும் அதுக்கும் இன்னாங்க சம்பந்தம்?"

"மனசுக்கும் ஏதாவது வேலை குடுக்கணும்னு டாக்டர் சொன்னாரு இல்ல?"

அப்படி ஒரு வார்த்தை டாக்டர் வாயிலிருந்து வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டின் முன்னறைதான் என் தையற்கடை. ரவிக்கை மட்டும் தைக்கிறோம், நானும் அரியாங்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண்ணும். என் வீட்டுக்காரர் அரசு அலுவலகம் ஒன்றில் கோப்பு பார்க்கிறவர். ஓய்வு பெற நான்கு வருடம் இருக்கிறது. மகள் வேலைக்காக வெளியூர் போன பிறகு, சாப்பிட உட்கார்ந்தால் மகளைத் தவிர எங்களுக்குப் பேச வேறு விஷயம் இல்லாமல் போயிருந்தது. ஒரு விதத்தில் அந்த ஏரோப்ளேன் வந்தது நல்லதுதான். அப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

செல்போனில் பத்து நாள் படித்துவிட்டு எனக்கு விளக்கினார். மற்ற விமானத்துக்கு உடம்பு, இறக்கை, வால் என்று மூன்று வேலை. இதற்கு இறக்கை மட்டும்தான். மோட்டார், பேட்டரி எல்லாம் அதற்குள்ளேயே அடங்கிவிடும். "பாகம் கம்மி. அதனால சுலபம்" என்று முடித்தார். சுலபம் என்று அவர் சொன்னாலே நான் உஷாராகிவிடுவேன். எங்கள் வீட்டு மிக்சியையும் சுலபம் என்றுதான் பிரித்தார்.

முதலில் பறிபோனது என் வெட்டு மேசை. ஃப்ரிட்ஜ் வந்த பெட்டியிலிருந்த தெர்மாகோல் பலகைகள் அதன்மேல் ஏறின. இஸ்திரிப் பெட்டி ரிப்பேர் பார்க்கும் கடையில் வாங்கிய கம்பியை மூங்கில் வில்லில் கட்டி, மின்சாரம் கொடுத்துச் சூடாக்கினார். சூடான கம்பியை இழுத்தால் தெர்மாகோல் வெண்ணெய் மாதிரி அறுபடும். அது உண்மை. ஆனால் அந்த நாற்றத்தில் இரண்டு வாடிக்கைக்காரர்கள் அளவு கொடுக்காமலே திரும்பிப் போனார்கள். என்னிடம் தைக்கும் பெண் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "அக்கா, சார் இன்னா செய்றாரு?" என்று கேட்டாள்.

"ஏரோப்ளேன்."

"யாருக்கு?"

கொக்கி வைக்க வேண்டிய ரவிக்கையை அவள் பக்கம் தள்ளினேன்.

ஒரு சனிக்கிழமை, அவர் குளிக்கப் போயிருந்தபோது மேசையைத் துடைக்கப் போனேன். பின்னோக்கிச் சாய்ந்த இறக்கைகள் இரண்டையும் அறுத்து, உப்புத்தாளால் தேய்த்து, வளைந்த பக்கம் மேலே இருக்க அழகாக அடுக்கியிருந்தார். ஒன்றின் மேல் ஒன்று. அப்படியே பொருந்தி. அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. ரவிக்கைக்குக் கை வெட்டும்போது, நல்ல பக்கம் மேலே இருக்க இரண்டு கையும் ஒன்றின் மேல் ஒன்று அப்படியே பொருந்தினால் துணி வீண். இடது கைக்கு வலது கை எதிராகத்தான் திரும்பி இருக்க வேண்டும். இவர் ஒரே அட்டையை வைத்து இரண்டு தடவை அறுத்திருக்கிறார். இரண்டும் இடது இறக்கை.

உடனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இருபத்தெட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் இப்படி ஒரு வாய்ப்பு அடிக்கடி வருவதில்லை. பேசாமல் துடைத்துவிட்டுப் போய் இட்லி ஊற்றினேன்.

மத்தியானம் அவர் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். ஒன்று முன்னே போகிறது, ஒன்று பின்னே போகிறது. திருப்பி வைத்தார். அப்போதும் அப்படியே. தலையைச் சாய்த்துப் பார்த்தார். நானும் கடைப் பெண்ணும் மிஷினில் குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தோம்.

"ரெண்டும் எடது கைங்க" என்றேன் கடைசியில்.

"எப்ப பாத்த?"

"காலையில."

என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு ஒரு இறக்கையைக் குப்புறப் புரட்டிப் போட்டார். இப்போது இரண்டும் இரண்டு பக்கமும் ஒழுங்காக விரிந்தன. "முடிஞ்சுபோச்சு. இதுக்கா சிரிச்சீங்க?" என்றார்.

ஒரு ரவிக்கைக் கையை உள்பக்கம் வெளியே வரத் திருப்பிப் போட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. இறக்கையின் மேல்பக்கம் வளைவு, கீழ்ப்பக்கம் தட்டை. அந்த வளைவுதான் தூக்கும் என்று அவரே எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். ஒரு இறக்கை மேலே தூக்கும். புரட்டிப் போட்டது கீழே அழுத்தும். மறுநாள் காலை உப்பளம் பகுதியில் ஒரு திடலுக்கு இருவரும் போனோம். மோட்டார் இல்லாமல், வெறும் இறக்கையைக் கையால் வீசினார். அது அவர் கையை விட்டதும் ஒரு குட்டிக்கரணம் போட்டது. தரைக்கு வருவதற்குள் இன்னொன்றும் போட்டது. மண்ணில் குத்தி இரண்டாக உடைந்து, இரண்டு இடது இறக்கைகளாகவே கிடந்தது.

அந்தத் திடலில் தினமும் நடக்க வரும் பெரியவர் ஒருவர் இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். எங்கள் ஊரில் இப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். கையில் குடையோடு நின்று எல்லாவற்றையும் பார்த்தவர், கிட்டே வந்து, "போன்ழூர் மதாம்" என்று எனக்கு வணக்கம் சொன்னார். உடைந்த துண்டுகளைப் பார்த்து, "சே பா கிராவ், முசே" என்றார் இவரிடம். பரவாயில்லை, பெரிய விஷயம் இல்லை என்று அர்த்தம். அடுத்த இரண்டு மாதத்தில் அதை அவர் எத்தனை தடவை சொன்னார் என்றால், பிரெஞ்சில் எனக்குத் தெளிவாகத் தெரிந்த ஒரே வாக்கியம் இன்று அதுதான்.

அடுத்த இறக்கைக்கு நான்தான் அட்டை வெட்டினேன். பழுப்புக் காகிதத்தை இரண்டாக மடித்து, மடிப்பில் ஒரே வெட்டு. விரித்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல. "இதுலயும் ஒண்ணு ரெண்டு பிளவுஸ் சமாச்சாரம் இருக்கு" என்று ஒப்புக்கொண்டார். கம்பி இழுப்பதற்கும் இரண்டு ஆள் வேண்டும். வில்லின் ஒரு முனை அவரிடம், மறுமுனை என்னிடம். பலகையின் இரண்டு ஓரத்திலும் ஒன்று முதல் பத்து வரை கோடு போட்டிருக்கும். நான் எண்ண, இருவரும் ஒரே வேகத்தில் இழுக்க வேண்டும். யாராவது தாமதித்தால் அந்தப் பக்கம் உருகிப் பள்ளமாகிவிடும். ஆறில் அவர் நின்று மூக்கைச் சொறிவார். நான் திட்டுவேன். புதிதாக ஒரு பலகை எடுப்போம்.

அந்த இறக்கை குட்டிக்கரணம் போடவில்லை. வேறொன்று செய்தது. வீசியதும் மூக்கைத் தூக்கும், நிற்கும், யோசிக்கும், பிறகு பின்பக்கமாகவே சரியும். எடை முன்னால் போதவில்லை என்று படித்துக் கண்டுபிடித்தார். துறைமுகத்துப் பக்கம் ஒரு கடையில், வலையில் கட்டும் சின்ன ஈயக்குண்டுகள் வாங்கி வந்தோம். மூக்கில் ஒரு குண்டு ஒட்டி வீசுவது, இன்னொன்று ஒட்டி வீசுவது. வீசுவது அவர், ஓடி எடுத்து வருவதும் அவர். டாக்டர் சொன்ன முக்கால் மணி நேரம் போய் ஒன்றரை மணி நேரமாக நடந்தார், தான் நடக்கிறோம் என்றே தெரியாமல். நான் அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவார்.

நாலாவது குண்டில், பின் ஓரத்தை ஒரு நூல் அளவு மேலே மடக்கி வீசியபோது, அது சரியவில்லை. குத்தவும் இல்லை. புல்லுக்கு மேல் இடுப்பு உயரத்தில், சத்தமே இல்லாமல், திடலின் பாதி வரை போனது. போய்க்கொண்டே இருந்தது. நான் என்னை அறியாமல் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதன் பின்னால் ஓடினேன். அது தரையில் வயிற்றை வைத்து வழுக்கி நின்றபோது நான் அதன் பக்கத்தில் மூச்சிரைக்க நின்றேன். திரும்பிப் பார்த்தால் அவர் இருந்த இடத்திலேயே, வீசிய கையை இறக்காமல் நின்றுகொண்டிருந்தார். சொல்தா குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கை தட்டினார்.

அதற்குப் பிறகு மோட்டார் வந்தது, ரிமோட் வந்தது. என் வீட்டுக்காரர் ஆபீஸ் ஆள் அல்லவா, விதிகளை அச்செடுத்து அடிக்கோடு போட்டு, எடை கால் கிலோவைத் தாண்டாமல் சமையலறைத் தராசில் நிறுத்து நிறுத்துச் செய்தார். விமான நிலையம் வடக்கே லாஸ்பேட்டையில் இருக்கிறது, நாம் தெற்கே போய்விடுவோம் என்றார். என் கடைப் பெண்ணின் மாமனாருக்கு அரியாங்குப்பத்தைத் தாண்டி நிலம் இருந்தது. மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைப் பிடுங்கிய கொல்லை, ஆடிப் பட்டம் வரை சும்மாதான் கிடக்கும். "ஏரோப்ளேன் வுட வர்றாங்களாம்னு சொன்னேன். ஏதோ மருந்தடிக்கறதுன்னு நெனைச்சிட்டாரு. சரின்னுட்டாரு" என்றாள் அவள்.

மோட்டார் வைத்த இறக்கையை ஓட்ட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வீச, ஒருவர் ரிமோட் பிடிக்க. ரிமோட் அவர் கையில் என்பதில் விவாதமே இல்லை. நான் வீசுகிறவள். இறக்கை எங்களை விட்டுத் தள்ளிப் போகும்வரை நன்றாக ஓட்டினார். அது திரும்பி எங்களைப் பார்த்து வரும்போதுதான் சிக்கல். எதிரே வரும்போது இடது வலதாகிவிடும், வலது இடதாகிவிடும். அந்த நேரம் பார்த்து அவர் தவறாமல் எதிர்ப்பக்கம் தள்ளுவார். பதற்றத்தில் இன்னும் அதிகமாகத் தள்ளுவார். இப்படி ஒரு முறை தென்னை மரம், ஒரு முறை வைக்கோல் போர், ஒரு முறை கட்டிப்போட்டிருந்த எருமைக்கு அரை முழம் முன்னால். எருமை எழுந்திருக்கவில்லை. அதுவும் பார்த்துப் பழகியிருக்கும்.

நான் ஒரு மாற்றம் சொன்னேன். மேல்பக்கம் மஞ்சள், கீழ்ப்பக்கம் மயில் கழுத்து நிறம். மீந்துபோன ரவிக்கை லைனிங் துணியை மெல்லிசாகப் பசை தடவி ஒட்டினோம். எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரிந்தது. அவருக்குத் தெரிந்தும் கை எதிர்ப்பக்கம்தான் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இறக்கை வானத்தில் இருக்கும்போது அவர் கண்ணாடியில் வியர்வை வழிந்துவிட்டது. "இத புடி, ஒரு நிமிஷம்" என்று ரிமோட்டை என் கையில் திணித்துவிட்டு வேட்டி நுனியைத் தேடினார். அன்று பேண்ட் போட்டிருந்ததை மறந்துவிட்டார். அவர் கைக்குட்டையைக் கண்டுபிடிப்பதற்குள் இறக்கை எங்களைப் பார்த்துத் திரும்பியது. நான் ரிமோட்டின் குச்சியை விரல் நுனியால் தொட்டேன். தையல் மிஷினில் வளைவு தைக்கும்போது துணியைத் தள்ள மாட்டோம், அது போகிற வழிக்கு லேசாக விரலைக் காட்டுவோம். அவ்வளவுதான் செய்தேன். அது தலைக்கு மேலே போய், திரும்பி, மறுபடியும் வந்தது.

"குடு" என்றார், கண்ணாடியை மாட்டிக்கொண்டு.

"இருங்க."

"குடும்மா, பேட்டரி தீரப்போவுது."

"இருங்கன்றேன்ல."

மூன்று சுற்று சுற்றி, மோட்டாரை அணைத்து, கொல்லை மண்ணில் இறக்கினேன். முதல் தடவையாக ஒன்றும் உடையாமல் வீட்டுக்கு எடுத்துப் போனோம்.

வழியெல்லாம் அவர் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. காபி கொடுத்தால் குடித்தார். "சார் ஏன்க்கா ஒரு மாதிரியா இருக்காரு?" என்றாள் கடைப் பெண். நான் கொஞ்சம் அதிகமாகத்தான் ஓட்டிவிட்டேனோ என்று எனக்கும் உறுத்தியது. அவர் ஆறு மாதம் படித்து, உடைத்து, ஒட்டிச் செய்ததை நான் ஒரு நிமிடத்தில் பிடுங்கிக்கொண்ட மாதிரி. மன்னிப்புக் கேட்கலாமா என்று நினைத்து, எதற்கென்று கேட்பது எனத் தெரியாமல் விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் வெட்டு மேசைமேல் ஒரு புதுப் படத்தை விரித்தார்.

"உன் கை லேசு. நான் போட்டது என் கைக்குப் போட்டது, ரொம்ப மந்தம். பின் ஓரத்துல அசையற பலகைய கொஞ்சம் பெருசாக்கி, சாய்வ மாத்தினா நீ சொன்னபடி கேக்கும்."

"அப்ப நீங்க?"

"நான் வீசறேன்" என்றார். "வீசறதுலயும் ஒரு இது இருக்கு."

அந்தப் புது இறக்கை இரண்டு முழ அகலம். அவர் செய்ததிலேயே அழகானது. ஆனி மாதம், மேல்காற்று அடிக்கும் ஒரு நாள் விடிகாலையில் அதை எடுத்துப் போனோம். காற்று அதிகம் என்றேன். தாங்கும் என்றார். அவர் வீசியதும் அது காற்றோடு கிழக்கே ஏறியது. திருப்பினேன், எங்களைப் பார்த்துத்தான் நின்றது, ஆனால் பின்னாலேயே போனது. மோட்டார் முழுவேகத்தில் முன்னே இழுக்க, காற்று அதைவிட வேகமாகப் பின்னே தள்ளிக்கொண்டு போயிற்று. தென்னந்தோப்பைத் தாண்டியது. அதற்கப்பால் ஆறு, ஆற்றுக்கப்பால் கடல்.

"மோட்டார நிறுத்திடு" என்றார் மெதுவாக. "கடலுக்குப் போயிடும்."

நிறுத்தினேன். மஞ்சள் புள்ளி தோப்புக்குப் பின்னால் இறங்கி மறைந்தது.

ஸ்கூட்டரில் ஆற்றோரம் போய்த் தேடினோம். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு படகு கரைக்கு வந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க மீனவர். படகின் நடுவில், வலைமேல் எங்கள் இறக்கை, ஒரு நுனி உடைந்து கிடந்தது.

"இது உங்களுதா?"

"எங்களுதுதான்" என்றார் இவர்.

"மனுசன் செஞ்சதுதானே?"

"நான்தான் செஞ்சேன்."

"நல்லவேள" என்றார் அவர். ஆனால் முகத்தில் நிம்மதி தெரியவில்லை. "வலய இழுத்துட்டிருக்கேன், பின்னாடி பொத்துனு தண்ணில வுழுந்துச்சு. பாத்தா கறுநீலமா, பரந்து கெடக்குது. திருக்கை மீன்னு நெனைச்சேன். வானத்துலேருந்து திருக்கை வுழுந்துச்சுன்னு வீட்ல போன் போட்டுச் சொல்லிட்டேன்."

குப்புற விழுந்து மயில் கழுத்துப் பக்கம் மேலே தெரிந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் அடுத்துச் சொன்னதில் அது போய்விட்டது.

"காலங்காத்தால குடிச்சிட்டியான்னு கேட்டுட்டு வச்சிட்டா. நான் குடிய வுட்டு ஆறு மாசம் ஆவுது."

இவர் உடனே, "நம்பர் குடுங்க, நான் பேசி வெளக்கிடறேன்" என்றார்.

"போன்ல சொன்னா எவனோ குடிகாரக் கூட்டாளின்னு நெனைப்பா சார். நீங்க ரெண்டு பேரும் வந்து, ஒரு வாட்டி பறக்க வுட்டுக் காட்டணும்."

அந்த வாரம் என் வீட்டுக்காரர் இறக்கையைச் சரிசெய்த மாதிரி எதையும் செய்து நான் பார்த்ததில்லை. கோர்ட்டில் காட்ட வேண்டிய சாட்சி மாதிரி. நானும் மூன்று கல்யாண ரவிக்கைகளை ஒதுக்கி வைத்துவிட்டு வில்லின் மறுமுனையைப் பிடித்தேன். ஆறில் அவர் நிற்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்த மீனவரின் ஊர்க் கடற்கரைக்குப் போனோம். படகுகள் நிற்கும் இடத்தைத் தாண்டி ஆளில்லாத மணல். அவர் மனைவி மார்க்கெட்டில் மீன் விற்பவர். கூடையைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தார். நாங்களும் கூட்டாளிகளோ என்பதுபோல.

ரிமோட்டை இரண்டு தடவை சரிபார்த்தேன். கொல்லையில் விழுந்தால் மண். இங்கே ஒரு பக்கம் முழுக்கத் தண்ணீர். இவர் மூன்று அடி ஓடி வீசினார். வீசுவதில் ஒரு இது இருப்பது உண்மைதான், நேராகப் போயிற்று. மணலுக்கு மேலேயே வைத்து இரண்டு சுற்று சுற்றினேன். மூன்றாவதில் தாழ்வாக அந்த அம்மாவின் தலைக்கு எதிரே கொண்டுபோய்த் திருப்பினேன். மயில் கழுத்து நிறம் அவருக்கு முழுசாகத் தெரிந்திருக்கும். பிறகு ஈர மணலில் இறக்கினேன்.

அந்த அம்மா நடந்து போய் அதைக் காலால் லேசாகத் தொட்டுப் பார்த்தார்.

"திருக்கைன்னா வால் இருக்காதா? முப்பது வருசமா கடலுக்குப் போறான், திருக்கைக்கு வால் இருக்கறது தெரியல."

மீனவர் இறக்கையை எடுத்து ஒட்டியிருந்த மணலைத் தட்டினார். அந்த அம்மா குரலைத் தணித்து, "குடிக்கலன்னா குடிக்கலன்னு சொல்ல வேண்டியதுதானே" என்றார்.

"சொன்னேனே."

"சொன்ன." அந்த அம்மா கூடையை எடுத்தார். "நான்தான் கேக்கல."

பிறகு என் பக்கம் திரும்பி, "நீயா ஓட்டற? அப்ப அந்த ஆளு இன்னா செய்றாரு?" என்றார்.

"அவருதாங்க இத செஞ்சாரு."

என் வீட்டுக்காரரை ஏற இறங்கப் பார்த்தார். இவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அந்த அம்மா வேறு ஒன்றும் கேட்காமல், வேண்டாம் என்று நாங்கள் சொல்லச் சொல்ல, நாலு சங்கரா மீனை எடுத்துப் பையில் போட்டு ஸ்கூட்டரில் மாட்டினார்.

திரும்பும்போது பின்னால் உட்கார்ந்து இறக்கையை நான் பிடித்துக்கொண்டேன். அரியாங்குப்பம் பாலத்தில் ஏறியதும் குறுக்குக் காற்று அதைப் பிடித்து உதறியது. வண்டி ஆடியது.

"ஆட்டாத" என்றார் இவர், திரும்பாமல்.

"நான் ஆட்டல. அதுவா பறக்கப் பாக்குது."

"அப்ப கொஞ்சம் மூக்க கீழ இறக்கிப் புடி."

இறக்கிப் பிடித்தேன். ஆட்டம் நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ் ஹார்ன் அடித்தது. அவர் வேகத்தைக் கூட்டவில்லை. ஓரமாகவே, மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார்.